யோசெமிட்டியில் டெண்ட்: யானையைப் பார்த்துப் பழகினவங்களுக்குக் கரடி விவரம் வேணுமுங்க

கொடிவேரிக்காரன் (கோபிசெட்டிபாளையம்)

வணக்கமுங்க. அண்ணன் குடும்பம் கலிபோர்னியாவுல சான் ஹோசேல இருக்குது. ஜூன் கடைசி வாரம் அப்பா அம்மாவோட நாங்களும் அங்க போறோம். யோசெமிட்டி தேசியப் பூங்காவுல, அப்பர் பைன்ஸ் கேம்ப்ல வெள்ளி, சனி ரெண்டு ராத்திரிக்கு ஒரு சைட் (டெண்ட் போடற இடம்) எடுத்தாச்சுங்க. பெரியவங்க ஆறு பேரு, குழந்தைங்க மூணு. அப்பாவுக்கு வயசு 68. மூணாவது ராத்திரி இன்னும் மேல ஏறி டுவாலமி மெடோஸ்ல போட்டா என்னன்னு அண்ணன் கேக்கறாரு.

சத்தி, ஆசனூர் பக்கம் யானை வந்தா எப்படி ஒதுங்கறதுன்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். கரடிதான் புதுசு. ராத்திரி டெண்டுக்கு வெளிய சத்தம் கேட்டா என்ன செய்யோணும்? அடுப்பு வெச்சு அரிசியும் பருப்பும் பொங்கலாமா, இல்ல ரொட்டி பழத்தோட நிறுத்திக்கணுமா? காட்டோரம் யானை விரட்டற மாதிரி பட்டாசு கையில வெச்சுக்கலாமா? கரடிக்குன்னு மிளகாய் ஸ்ப்ரே விக்கறாங்களாம், அது வாங்கோணுமா? போய் வந்தவங்க விவரமாச் சொன்னா நல்லதுங்க.

திம்பம்_27

முதல்ல உங்க கணக்குல ஒரு சிக்கல் இருக்குதுங்க. யோசெமிட்டில ஒரு சைட்டுக்கு ஆறு பேருக்கு மேல தங்கக் கூடாது, குழந்தைகளும் அந்த ஆறுல சேர்த்தி. வண்டி ரெண்டு. ஒன்பது பேருக்கு ரெண்டு சைட் வேணும். முன்பதிவு மாசாமாசம் 15ஆம் தேதி அங்கத்து நேரம் காலைல 7 மணிக்குத் திறக்கும், கோடைல அது நமக்கு ராத்திரி 7:30. சில மாசம் முன்னாடியே திறந்து சில நிமிஷத்துல தீர்ந்து போயிரும். ஜூன் கடைசிக்கு இப்போ வழி, யாராவது ரத்து செய்யறதைப் பிடிக்கறதுதான். அண்ணனைக் காலைலயும் ராத்திரியும் முன்பதிவுத் தளத்தைத் திறந்து பாக்கச் சொல்லுங்க. கிடைக்கலைன்னா பூங்காவுக்கு வெளிய ரெண்டாவது இடம் பாருங்க. ஒன்பது பேரையும் ஒரே சைட்டுல திணிச்சுக்கலாம்னு போகாதீங்க, ரேஞ்சர் (பூங்காக் காவலர்) சுத்தி வந்து பாப்பாங்க.

இனி கரடி. அங்க இருக்கறது கருங்கரடி மட்டும்தான். பேர்தான் கருங்கரடி, யோசெமிட்டில பாதிக்கு மேல பழுப்பு நிறத்துல இருக்கும். அதைப் பார்த்துட்டு க்ரிஸ்லின்னு (பெரிய பழுப்புக் கரடி வகை) பயப்பட வேண்டாம். கலிபோர்னியாவுல க்ரிஸ்லி 1920கள்லயே அத்துப் போச்சு. இந்தக் கரடிக்கு வேண்டியது நீங்க இல்லை, உங்க சாப்பாடு. கார் கண்ணாடி உடைஞ்சா, கதவு பிதுங்கினா, பெரும்பாலும் உள்ள ஏதோ ஒண்ணு மணத்ததுதான் காரணம்.

ஆசனூர் பக்கம் போய் வந்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. காராப்பள்ளம் சோதனைச் சாவடியில கரும்பு லாரிக்கு யானை ஏன் வந்து நிக்குது? உயரம் மிஞ்சுன லோடைக் குறைக்க டிரைவருங்க கரும்பை இழுத்து ரோட்டோரம் போட்டாங்க. அது தின்னு பழகிக்கிச்சு, குட்டிக்கும் பழக்கிடுச்சு. யோசெமிட்டிக் கரடியும் அதே மாதிரிதான். ஒருக்கா ஐஸ் பெட்டியில சாப்பாடு கிடைச்சுதுன்னா, அப்புறம் அதே உருவத்துல எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் காரை உடைக்கும். ஆளைப் பார்த்து பயம் விட்டுப்போன கரடியைக் கடைசில பூங்காக்காரங்களே கொல்ல வேண்டி வருது. அதனாலதான் சாப்பாட்டை முறையா வெக்கலைன்னா 5,000 டாலர் வரைக்கும் அபராதம்.

ஒவ்வொரு சைட்டுலயும் தடிமனான இரும்புப் பெட்டி ஒண்ணு நட்டு வெச்சிருப்பாங்க. அதுதான் கரடி லாக்கர். கதவுல கைப்பிடி வெளிய தெரியாது, ஒரு குழிக்குள்ள விரலை மேல்நோக்கி விட்டு உள்ள இருக்கற நாக்கை அழுத்துனாத்தான் திறக்கும். கரடிப் பாதம் அந்தக் குழிக்குள்ள போகாது. மூடும்போது ‘டக்’குன்னு ரெண்டு பக்கமும் விழுந்துச்சான்னு இழுத்துப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் மாட்டியிருந்தா நகத்தை விட்டு நெம்பிரும். சமைக்கும்போது கூட லாக்கர் மூடியே இருக்கோணும். பட்டப்பகல்ல, மேசைக்கு நாலடி தள்ளி, ஆள் திரும்பற நேரத்துல பையைத் தூக்கிட்டுப் போறதும் நடக்கும்.

உள்ள என்னென்ன போகணும்ங்கறதுலதான் நம்மாளுங்க தவறுவாங்க. அரிசி, பருப்பு, நெய், ஊறுகாய் எல்லாருக்கும் ஞாபகம் வரும். மணக்கற எதுவும் அங்க சாப்பாட்டுக் கணக்குதான். பேஸ்ட், சோப்பு, முகப் பவுடர், அம்மாவோட தேங்காய் எண்ணெய், அப்பாவோட மூட்டுவலித் தைலம், இருமல் டானிக், குழந்தையோட பால் பாட்டில், ஈரத் துடைப்பான், சூயிங்கம், காலி டப்பா, குப்பைப் பை. அடைச்ச சோடா டப்பாவும் சேர்த்தி. ஜிப் போட்ட பிளாஸ்டிக் பை மணத்தை நிறுத்தாது. பகல்ல கண்ணாடி ஏத்தின காருக்குள்ள சாப்பாடு வெக்க அனுமதி உண்டு, இருட்டினதும் கூடாது. வண்டியைச் சாயங்காலமே சீமாத்தால கூட்டுங்க. குழந்தை சீட்டோட இடுக்குல கிடக்கற முறுக்குத் துணுக்கு, கப் வெக்கற குழியில ஒட்டின ஜூஸ், டிக்கியில ஒழுகுன எண்ணெய், இதுக்காக ஒரு கதவு போயிரும்.

லாக்கர் சைட்டுக்கு ஒண்ணுதான். பெரிய ஐஸ் பெட்டி வாங்கறதுக்கு முன்னாடி லாக்கர் அளவைப் பூங்கா தளத்துல பார்த்து, டேப் வெச்சு அளந்து வாங்குங்க. பெட்டி நுழையலைன்னு ராத்திரி காருக்குள்ள வெக்கற பேச்சே இருக்கக் கூடாது.

கோத்தகிரி_மேடு

திம்பம் அண்ணன் லாக்கரைப் பத்திச் சொன்னதுக்கு மேல சேர்க்க ஒண்ணுமில்லை. கரடி நேர்ல வந்தா என்ன செய்யறதுன்னு மட்டும் சொல்றேன், ஏன்னா நீலகிரிக் கரடியைப் பத்திக் கேட்டு வளர்ந்த புத்தி அங்க தப்பாப் போகும்.

நம்மூர்க் கரடி கறையான் தின்னும் சாதி. புத்துக்குள்ள மூக்கை விட்டு உறிஞ்சும்போது அது போடற சத்தத்துல ஆள் வர்றது அதுக்குக் கேக்காது. பக்கத்துல போயிட்டா திடுக்கிட்டு நேரா முகத்துக்குப் பாயும். குட்டியை முதுகுல சுமக்கற சாதிங்கறதால விட்டுட்டு ஓடாது, நின்னு தாக்கும். அதனால தேயிலைத் தோட்டத்துல கரடின்னா சத்தமில்லாம பின்வாங்கறது சரியான பழக்கம்.

அமெரிக்கக் கருங்கரடி அப்படி இல்லை. அதுக்கு மரம்தான் கோட்டை. குட்டியை மரத்துல ஏத்திட்டுத் தானும் ஒதுங்கப் பாக்கும். கேம்புக்குள்ள அது வந்துட்டா, யோசெமிட்டி விதிப்படி நீங்க விரட்டித்தான் ஆகணும். பெரியவங்க எல்லாரும் ஒரே பக்கமா நெருங்கி நிக்கணும், குழந்தைகளைப் பின்னாடி வெச்சுக்கணும், அடிவயித்துல இருந்து கத்தணும். தட்டு, கரண்டி எது கைக்குக் கிடைக்குதோ அதைத் தட்டலாம். சுத்தி வளைக்கக் கூடாது, அது ஓடறதுக்கு ஒரு பக்கம் திறந்து இருக்கணும். குட்டி எங்கயாவது நிக்குதான்னு பார்த்து, குட்டிக்கும் தாய்க்கும் நடுவுல போகாதீங்க. முதுகு காட்டி ஓடவே கூடாது. சாப்பாட்டை ஏற்கெனவே வாயில எடுத்துடுச்சுன்னா விட்டுடுங்க, பிடுங்கப் போகாதீங்க. அப்புறம் ரேஞ்சருக்குத் தகவல் சொல்லுங்க, கரடி போயிட்டாலும் சொல்லணும்.

காட்டுப் பாதையில தூரத்துல பார்த்தா விரட்ட வேண்டியதில்லை. 50 கெஜம், அதாவது 150 அடி தள்ளி நின்னு பார்த்துட்டு வழி விடுங்க. போட்டோவுக்குன்னு ஒரு அடி கூட முன்னால வைக்காதீங்க.

ராத்திரி டெண்டுக்கு வெளிய சத்தம் கேட்டா முக்கால்வாசி அது ரக்கூனோ மானோதான். ரக்கூன்னா நம்ம மரநாய் அளவு இருக்கும், கண்ணைச் சுத்திக் கறுப்புப் பட்டை. டார்ச்சை அடிச்சு, உள்ள இருந்தே சத்தமா ‘ஏய்’னு ஒரு அதட்டல் போடுங்க. டெண்டுக்குள்ள தின்பண்டம் இல்லாத வரைக்கும் கரடிக்கு அங்க வேலையில்லை.

ஸ்ப்ரே: யோசெமிட்டிக்குள்ள அது தடை. விமானத்துல கைப்பையிலயும் பெரிய பெட்டியிலயும் ஏத்த முடியாது. பட்டாசும் பூங்காவுக்குள்ள கூடாது. கோடைல அந்தப் பைன் காடு காஞ்ச ஓலை மாதிரி இருக்கும், ஒரு பொறி போதும்.

அடுத்த வருஷம் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா போறதா இருந்தா கணக்கே வேற. அங்க க்ரிஸ்லி உண்டு, ஸ்ப்ரே கையிலயே இருக்கணும், கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கெஜம், மத்ததுக்கு 25 கெஜம் தள்ளி நிக்கணும். க்ரிஸ்லி மேல விழுந்துட்டா குப்புறப் படுத்து, விரல் கோத்துப் பிடரியை மூடி, காலை அகட்டி அசையாம கிடக்கணும். கருங்கரடி தாக்கினா அதுக்கு நேர் எதிர், படுக்கக் கூடாது, மூஞ்சியைக் குறி வெச்சுத் திருப்பி அடிக்கணும். எல்லோஸ்டோன்ல கரடியை விடப் பைசன் எருமைக்குப் பயப்படுங்க. குன்னூர் ரோட்டோரம் காட்டு மாடு மேயறதைப் பார்த்துப் பழகின தைரியத்துல நம்மாளுங்க அதுகிட்டப் போயிடறாங்க. வாலைத் தூக்கி நிறுத்துச்சுன்னா அடுத்தது பாய்ச்சல்தான், மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல ஓடும்.

கொடிவேரிக்காரன்

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். ஆறு பேர் விதி எங்களுக்குத் தெரியவே தெரியாதுங்க, அண்ணன்கிட்டச் சொல்லியாச்சு. இன்னும் ரெண்டு கேள்வி. அம்மா வெள்ளிக்கிழமை விளக்குப் போடாம இருக்க மாட்டாங்க, சின்ன அகலும் நல்லெண்ணெயும் எடுத்துக்கறாங்க. தலைக்கும் எண்ணெய் வெப்பாங்க. இது ரெண்டுக்கும் என்ன பண்றது? அப்புறம் டுவாலமி குளிரு அப்பாவுக்குத் தாங்குமா?

கோத்தகிரி_மேடு

கோத்தகிரி, குன்னூர்ல கோயில் கதவை உடைச்சு விளக்கெண்ணெய் குடிச்ச கரடியைப் பத்தி எத்தனை சேதி வந்திருக்கு! எண்ணெய்ன்னா எந்த ஊர்க் கரடிக்கும் கொழுப்பு, அவ்வளவுதான். அம்மா விளக்கை மேசை மேல பொழுதோட ஏத்தி, கும்பிட்டு, கூடவே இருந்து அணைச்சிடட்டும். டெண்டுக்குள்ள மட்டும் கூடவே கூடாது, நைலான் துணி ஒரு மூச்சுல பத்திக்கும். அணைச்சதும் மிச்ச எண்ணெயைத் தரையில கொட்டாம காகிதத்துல ஒத்தி, திரியோட சேர்த்துக் கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டியில போட்டு, அகலைத் துடைச்சு லாக்கர்ல வையுங்க. எண்ணெய் பாட்டிலும் அங்கதான். தலைக்கு, கிளம்பறதுக்கு முன்னாடியே தேச்சுக் குளிச்சுட்டு வந்தா அந்த ரெண்டு நாளும் பாட்டிலைத் தொட வேண்டியதில்லை. தாளிக்கும்போது கட்டியிருந்த புடவையோட படுக்க வேண்டாம், மாத்திக்கட்டும்.

டாப்ஸ்லிப்_சாலை

டுவாலமி விஷயத்துக்கு நான் பதில் சொல்றேன்.

அப்பர் பைன்ஸ் இருக்கறது பள்ளத்தாக்குல, சுமார் 4,000 அடியில. ஜூன் கடைசி ராத்திரி 10 டிகிரிப் பக்கம் இறங்கும், ஊட்டி மார்கழி அளவுக்குக் கூட இல்லை. டுவாலமி 8,600 அடி. தொட்டபெட்டா உச்சி 8,650 சொச்சம்னு வெச்சுக்கிட்டா, கிட்டத்தட்ட அது மேலயே டெண்ட் போட்டுப் படுக்கற கணக்கு. ஜூன்லயே உறைநிலைக்குப் பக்கத்துல போகும். 68 வயசுல கீழ இருந்து ஒரே நாள்ல அந்த உயரத்துக்கு ஏறிப் படுத்தா தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். அதுக்கும் மேல, அங்க போற டயோகா சாலை பனியைப் பொறுத்து மே கடைசில இருந்து ஜூலை வரைக்கும் எப்ப வேணும்னாலும் திறக்கும். கேம்ப் அதுக்கும் பின்னாடிதான் திறக்கும். திறந்திருந்தாலும் பனி உருகற சமயம், கொசு கண்ணைத் திறக்க விடாது. என் கருத்து, ஜூன்ல டுவாலமி ராத்திரியை விட்டுடுங்க. சாலை திறந்திருந்தா பகல்ல போய்ப் பார்த்துட்டு இறங்கிடலாம். ஆகஸ்ட்டா இருந்தா வேற பேச்சு.

பள்ளத்தாக்குல அப்பாவுக்குக் குளிராம இருக்க ஸ்லீப்பிங் பேகை விட அடியில போடற மெத்தைதான் முக்கியம். பேக் எவ்வளவு தடியா இருந்தாலும் உடம்பு பாரத்துல அடிப்பக்கம் நசுங்கிடும், மண்ணு சூட்டை இழுத்துக்கும். மெத்தை மேல ஆர் மதிப்புன்னு, குளிரை எவ்வளவு தடுக்கும்னு காட்டற ஒரு எண் போட்டிருக்கும், 3 அல்லது 4 எடுங்க. காத்து மட்டும் அடிக்கற சாதா மெத்தை வாங்கினா கீழ இருந்து குளிர் ஏறும். பெரியவங்க தரையில இருந்து எழ சிரமப்படுவாங்கன்னா மடக்குக் கட்டில் போட்டு அதுக்கு மேல இந்த மெத்தை. வெறும் கட்டில்ல அடியில காத்து ஓடி இன்னும் குளிரும். பேகுல ரெண்டு அளவு இருக்கும், சுகமாத் தூங்கற அளவு ஒண்ணு, தாங்கற கடைசி அளவு ஒண்ணு. கடையில பெரிசா அச்சடிக்கறது பெரும்பாலும் ரெண்டாவது. பாரன்ஹீட்ல 20ன்னு எழுதியிருந்தா மைனஸ் 7 செல்சியஸ், அது உங்களுக்குத் தாராளம்.

இன்னொண்ணு, கரடியை விட இதுக்குத்தான் கவலைப்படணும். ஜூன்ல அந்தப் பள்ளத்தாக்குல ஓடற மெர்செட் ஆறு முழுக்கப் பனி உருகின தண்ணி. கொடிவேரில இறங்கற மாதிரி குழந்தைங்க இறங்கிடக் கூடாது. பார்க்க முழங்கால் ஆழம் போலத் தெரியும், பாறை வழவழன்னு இருக்கும், அந்தச் சில்லிப்புல கொஞ்ச நேரத்துலயே கை கால் சொன்னபடி கேக்காது. வெர்னல் அருவி போற பாதையில படிக்கட்டு நனைஞ்சே இருக்கும், தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போட்டோவுக்குக் கூடப் போக வேண்டாம்.

திம்பம்_27

சின்னதா ஒண்ணு. அணில் கிட்ட வந்து கை நீட்டும், குழந்தைங்க கடலை குடுக்கப் பாக்கும். குடுக்கக் கூடாது. கடிக்கும், அதோட அந்தப் பக்கத்து அணில் மேல இருக்கற தெள்ளுப் பூச்சில பிளேக் கிருமி இருக்கலாம். மரவீடு, கேபின்ல எலிப்புழுக்கை கிடந்தா கூட்டாதீங்க, தூசியாப் பறந்தா அதுல ஹான்டா வைரஸ் வரலாம். 2012ல அதே பள்ளத்தாக்குல துணிக் கேபின்ல தங்கினவங்கள்ல மூணு பேர் இறந்தாங்க. ப்ளீச் கலந்த தண்ணியை ஊத்தி ஊற விட்டு, கையுறை போட்டுத் துடைச்சு எடுக்கணும். பாம்புல அங்க விஷமுள்ளது கிலுகிலுப்பை விரியன் ஒண்ணுதான். கல்லு இடுக்குல பார்க்காம கை விடாதீங்க. கடிச்சா கட்டுப் போடறது, கீறறது எதுவும் வேண்டாம், அசைக்காம உக்கார வெச்சு அவசர எண் 911க்கு அடிங்க. பள்ளத்தாக்குல சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், பொதுத் தொலைபேசி எங்க இருக்குன்னு போனதும் பார்த்து வையுங்க.

அரிசிம்பருப்பு (பெருந்துறை)

சோத்தைப் பத்தி யாருமே சொல்லலையே! தாராளமாப் பொங்கலாமுங்க. லாக்கர் விதியைக் காப்பாத்தினாப் போதும்.

விறகை நம்பாதீங்க. மே முதல் செப்டம்பர் வரைக்கும் பள்ளத்தாக்குல தீ மூட்ட சாயங்காலம் 5 மணில இருந்து ராத்திரி 10 வரைக்கும்தான் அனுமதி, சுள்ளி பொறுக்கவும் கூடாது. விறகு வெளியூர்ல இருந்து கொண்டு போனா அதுல இருக்கற வண்டு அங்கத்து மரத்தைத் தாக்கும், அங்கயே வாங்கணும். சமையலுக்கு ரெண்டு பர்னர் புரொப்பேன் அடுப்பு. 465 கிராம் பச்சை சிலிண்டர் ஒரு பர்னரை முழுத் தீயில வெச்சா சுமார் ரெண்டு மணி நேரம் வரும். ரெண்டு நாளைக்கு மூணு எடுங்க. மழைன்னு சொல்லி அடுப்பை டெண்டுக்குள்ளயோ வாசல் மறைப்புக்குள்ளயோ கொண்டு போகாதீங்க, கார்பன் மோனாக்சைடு வாயு மணமே இல்லாம ஆளைச் சாய்ச்சிடும்.

4,000 அடியில தண்ணி 96 டிகிரிலயே கொதிச்சிரும், டுவாலமில 91 தான். அரிசி வெந்துரும், துவரம் பருப்பு சீக்கிரம் வேகாது. அதனால குக்கர் கண்டிப்பா வேணும். அஞ்சு லிட்டர் குக்கர்ல பருப்பு சேர்ந்தா பாதிக்கு மேல நிரப்பக் கூடாது, நுரை ஏறி விசில் துவாரத்தை அடைக்கும். அதனால ஒரு ஈடுக்கு அரிசி ரெண்டு கப், பருப்பு அரை கப், தண்ணி ஏழரை கப். ஒன்பது பேருக்கு ரெண்டு ஈடு. பருப்பை முக்கால் மணி நேரம் ஊற வையுங்க, வீட்டுல மூணு விசில்னா அங்க நாலஞ்சு விடுங்க, ஆவி தானா அடங்கட்டும். சின்ன வெங்காயம் உரிக்கறது, பூண்டு தட்டறது எல்லாம் சான் ஹோசேலயே முடிச்சு டப்பாவுல போட்டுட்டுப் போனா, தோல் குப்பை அங்க சேராது. நெய்யைச் சின்னப் பாட்டில்ல மட்டும் எடுங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை, தாளிச்சு மணம் ஏறினதுல இருந்து சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் ஒரு பெரியவங்க மேசையை விட்டு நகரவே கூடாது. ஒருத்தர் கழிவறைக்குப் போனா இன்னொருத்தர் நிக்கணும். அடிப்பிடிச்ச குக்கரை ராத்திரி ஊற வெச்சுக் காலைல கழுவலாம்னு மேசை மேல விடற பழக்கம் நமக்கு உண்டு, அங்க அது ஆகாது. கரண்டியால சுரண்டி எடுத்துப் பருக்கையைக் குப்பைத் தொட்டிக்கு, கழுவின தண்ணியை வடிகட்டி ரேஞ்சர் காட்டற தொட்டிக்கு, குக்கர், அதோட மூடி, ரப்பர் வளையம் மூணையும் லாக்கருக்கு. வளையத்துலதான் பருப்பு வாசம் தங்கும், அதைத் தனியாக் கழட்டி சோப்புப் போடுங்க.

கொடிவேரிக்காரன்

அண்ணன் இப்பத்தான் போன் பண்ணினாரு. சனிக்கிழமைக்கு ரெண்டாவது சைட் ஒண்ணு ரத்தாகிக் கிடைச்சிருச்சுங்க. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் பார்த்துக்கிட்டு இருக்காரு. டுவாலமியை விட்டாச்சு. குக்கர் இங்க இருந்தே வருது, விசிலைத் தனியா ஒரு டப்பாவுல போட்டுட்டோம்.